சித்திக்கு ஏன் கீமோ இல்லை?

சித்தியின் மார்பகப் புற்றுநோய் ரிப்போட் வந்த அன்று வேலை முடிந்ததும் நேரே கோண்டாவிலுக்குத்தான் போனேன். சித்தி விறாந்தையில் சுளகை மடியில் வைத்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். ரிப்போட் சாமியறையில், விபூதித் தட்டுக்குக் கீழே, நாலாக மடித்தபடி கிடந்தது. "எடுத்து வாசிச்சுச் சொல்லு பிள்ளை, டொக்டர் சொன்னது ஒண்டும் எனக்குக் காதில ஏறேல்லை" என்றார், இலையிலிருந்து கையை எடுக்காமலே.

ஒரே ஒரு பக்கம். கட்டி 1.8 சென்ரிமீற்றர், தரம் 2, எடுத்துப் பார்த்த 14 நிணநீர்க் கணுக்களில் ஒன்றிலும் இல்லை. அதற்குக் கீழே நாலு வரி (ஒவ்வொன்றும் என்ன என்று பின்னால் சொல்கிறேன்): ஈஆர் 8/8, பிஆர் 6/8, ஹெர்2 2+, கேஐ-67 18 வீதம். நான் தரவுகளோடு வேலை செய்கிறவள், நாள் முழுக்க எண்கள்தான் என் முன்னால் இருக்கும், ஆனாலும் அந்த நாலு எண்ணும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நல்லதுதான் போல கிடக்கு சித்தி" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபிறகு மனம் கேட்கவில்லை.

அதற்கு இரண்டு கிழமை கழித்துத்தான் உண்மையான பிரச்சினை வந்தது. தெல்லிப்பழையில் கிளினிக். (தெரியாதவர்களுக்கு: 2011இல் இலங்கையின் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரைக்கும் சனம் நடந்து காசு சேர்த்துக் கட்டிய புற்றுநோய் ஆஸ்பத்திரி அது. அதற்கு முந்தி எங்கள் ஆட்கள் கொழும்புக்குப் பக்கத்து மகரகம ஆஸ்பத்திரிக்கு இரவு பஸ் ஏறிய காலம் அம்மாவுக்கு நல்ல ஞாபகம்.) அங்கே டொக்டர் சித்திக்குக் கீமோ தேவையில்லை, இரவில் ஒரு குளிசை, லெட்ரசோல் 2.5 மில்லிகிராம், ஐந்து வருடம் போடுங்கோ, நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறார். நான் சந்தோசப்பட்டேன். சித்தி அன்றிரவு அழுதாராம். ஏனென்றால் எதிர்வீட்டு அன்ரிக்கும் அதே வருத்தம், அதே கிளினிக், அவருக்கு ஆறு கீமோ என்று எழுதியிருக்கிறார்கள். "அவளுக்கு ஆறு. எனக்கு ஒண்டும் இல்லை. ஒண்டில் என்னைக் கவனிக்கேல்லை, இல்லாட்டி இனிக் குடுத்துப் பிரயோசனமில்லை எண்டு விட்டிட்டினம்." இதைத்தான் அவர் ஒரு கிழமையாக மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்காக. கிழமைக் கணக்கில் வாசித்தேன், தரவை இறக்கிச் செய்து பார்த்தேன், ஒரு இடத்தில் பெரிய பிழையும் விட்டேன், எல்லாவற்றையும் எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, உங்கள் வைத்தியத்தை உங்கள் டொக்டர்தான் சொல்லவேண்டும்.

பதில், கட்டிக்குள் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. அதற்கு முதலில் ஒரு சொல் பிரச்சினை. ஏ.எல். உயிரியலில் நாங்கள் பரம்பரை அலகு என்று படித்தோம், இந்தியப் பத்திரிகைகளில் மரபணு என்று எழுதுகிறார்கள், கிளினிக்கில் எல்லாரும் ஜீன் என்கிறார்கள். நானும் ஜீன் என்றே எழுதுகிறேன்.

எங்கள் உடம்பின் கலங்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே ஜீன்கள்தான் இருக்கின்றன, புரதம் செய்கிறவை ஏறத்தாழ 20,000. கண்ணும் ஈரலும் வேறு வேறாக இருப்பது எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பதால். வேலை செய்கிற ஜீன் தன்னைப் பார்த்து எழுதிய பிரதிகளைக் கலத்துக்குள் விடும், அதுதான் ஆர்என்ஏ. அந்தப் பிரதிகளை எண்ணினால் அந்தக் கலம் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியும். ஜீன் வெளிப்பாடு என்பது இந்த எண்ணிக்கைதான்.

சித்திக்கு இதைச் சந்தையை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். சந்தை வாசலில் நின்று வெளியே வருகிறவர்களின் பையைப் பாருங்கோ. ஒடியல் மா, நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பழப்புளி. இந்த வீட்டில் இன்றைக்கு என்ன? "கூழ்" என்றார் சித்தி உடனே. ஒருவரும் சமையலறைக்குள் போய்ப் பார்க்கவில்லை. ஏழு சாமானில் இரண்டைக் காணாவிட்டாலும் கூழ் என்று தெரியும், ஏனென்றால் அந்தச் சாமான்கள் கூட்டமாகத்தான் வரும். ஜீன்களும் அப்படித்தான், தனித்தனியாக ஏறி இறங்குவது குறைவு, கூட்டமாக ஏறும், கூட்டமாக இறங்கும்.

இதை மார்பகப் புற்றுக் கட்டிகளில் முதன்முதல் பெரிதாகச் செய்து பார்த்தது 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் பெரூ, டேவிட் பொட்ஸ்ரீன், பற்றிக் பிரவுண், நோர்வேயில் தெரேசா சோர்லி, ஆன்-லிஸ் பொரெசன்-டால எல்லாரும் சேர்ந்து செய்தது. 42 பேரிடமிருந்து 65 மாதிரிகள், ஒவ்வொன்றிலும் 8,102 ஜீன்கள். கண்ணாடித் தட்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகள், ஒரு புள்ளிக்கு ஒரு ஜீன், கட்டியிலிருந்து எடுத்ததற்கு ஒரு நிறம், ஒப்பிடுவதற்கு வைத்ததற்கு இன்னொரு நிறம், எந்தப் புள்ளியில் எந்த நிறம் கூட என்று வாசிப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது எந்த ஜீன்களைப் பார்ப்பது என்று அவர்கள் தெரிந்த விதம். கட்டி என்பது புற்றுக் கலம் மட்டும் இல்லை, கொழுப்பு, இரத்தக் குழாய், நோயெதிர்ப்புக் கலம் எல்லாம் கலந்து கிடக்கும், ஊசி எங்கே குத்துப்பட்டது என்பதைப் பொறுத்துக்கூட எண் மாறும். அவர்களிடம் 20 கட்டிகள் இரண்டு தரம் எடுக்கப்பட்டவையாக இருந்தன: டொக்சோரூபிசின் கீமோவுக்கு முந்தி ஒரு தரம், 16 கிழமை மருந்து கொடுத்த பிறகு ஒரு தரம். அதை வைத்து, ஒரே ஆளின் இரண்டு மாதிரிக்கிடையில் அதிகம் மாறாத, ஆனால் ஆளுக்கு ஆள் நிறைய மாறுகிற ஜீன்கள் எவை என்று தேடினார்கள். 496 கிடைத்தது. சந்தையில் சொன்னால், ஒரே வீட்டுக்காரர் தை மாதம் வந்தாலும் வைகாசியில் வந்தாலும் பையில் மாறாமல் இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது எது என்று பார்ப்பது. உப்பைப் பார்த்துப் பிரயோசனமில்லை, எல்லாரும் வாங்குவார்கள். அன்றைக்கு மலிவாக விற்ற தக்காளியையும் பார்க்கக் கூடாது.

அந்த 496ஐ வைத்துக் கட்டிகளை அடுக்கியபோது, நாலு மாதம் நஞ்சு மாதிரி மருந்து ஏறின பிறகும், அநேகமாக ஒவ்வொரு கட்டியும் தன்னுடைய பழைய மாதிரிக்குப் பக்கத்திலேயே போய் நின்றது, வேறு ஒருவருடைய கட்டிக்குப் பக்கத்தில் இல்லை. இதை முதல்தரம் வாசித்தபோது லப்டொப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் கிணற்றடியில் போய் இருந்தேன். இத்தனை நாளும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிட்ட வருத்தத்துக்கு உள்ளே ஆளாளுக்கு ஒரு குணம் இருந்திருக்கிறது, மருந்துகூட அதை லேசில் மாற்றவில்லை.

குழுக்களுக்கு வைத்த பெயர்களையும் சொல்லவேண்டும், ரிப்போட்டுகளில் வருகின்றன. பால்குழாயை வெட்டிப் பார்த்தால் இரண்டு அடுக்குக் கலங்கள். உட்பக்கம் குழாயைப் பார்த்தபடி இருப்பவை லூமினல், வெளிப்பக்கம் அடியில் இருப்பவை பேசல். ஈஸ்ரஜன் என்கிற பெண் ஹோர்மோனைப் பிடிக்கிற புரதத்தின் (அதைத்தான் ஈஸ்ரஜன் வாங்கி என்பது) ஜீனும் அதோடு சேர்ந்த கூட்டமும் கூடுதலாக வேலை செய்கிற கட்டிகள் உள் அடுக்கைப் போலத் தெரிந்தன, அவை லூமினல். கெராற்றின் 5, 17 போன்ற ஜீன்கள் கூடுதலாகத் தெரிந்தவை வெளி அடுக்கைப் போல, அவை பேசல் போன்றவை. மூன்றாவது ஹெர்2 கூட்டம், ஹெர்2 என்பது கலத்தை வளரத் தூண்டுகிற ஒரு புரதம். 17ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு பல பிரதிகளாகப் பெருகிவிடும், அந்தத் துண்டில் ஹெர்2 ஜீன் இருக்கிறது, பக்கத்தில் இருக்கிற ஜீஆர்பி7 போன்றவையும் சேர்ந்து ஏறும். அடுத்த வருடம், 2001இல், சோர்லியின் ஆய்வு 78 புற்றுக் கட்டிகளை எடுத்து லூமினல் கூட்டத்தையே பிரித்துக் காட்டியது. ஆறுதலாக வளர்வது ஏ, பெருகும் ஜீன்கள் கூடுதலாக ஓடுவது பி. (சி என்றும் ஒன்று சொன்னார்கள், அது பிறகு நிலைக்கவில்லை.) யார் எவ்வளவு காலம் நோய் திரும்பாமல் இருந்தார்கள் என்பதும் குழுவுக்குக் குழு வேறுபட்டது. அதற்குப் பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

இப்போது சித்தியின் நாலு வரிக்கு வாறேன். 20,000 ஜீனையும் எண்ணுகிற மெஷின் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இல்லை, தேவையும் இல்லை. வெட்டி எடுத்த தசையை மெழுகில் பதித்துவைப்பார்கள், அந்த மெழுகுக் கட்டியிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டுகிற சாயத்தை ஊற்றினால், அந்தப் புரதம் இருக்கிற கலங்கள் மண்ணிறமாகத் தெரியும். ஈஆர் (ஈஸ்ரஜன் வாங்கி), பிஆர் (புரொஜெஸ்ரரோன் என்கிற மற்றப் பெண் ஹோர்மோனின் வாங்கி), ஹெர்2, கேஐ-67 (பெருகிக்கொண்டிருக்கும் கலங்களைக் காட்டுவது), நாலு சாயம். சந்தை வாசலில் பை முழுவதையும் கொட்டிப் பார்க்காமல் நாலே நாலு சாமானைக் கேட்கிற மாதிரி. 2011இல் சென் காலன் என்கிற சுவிஸ் நகரத்தில் கூடிய நிபுணர்கள், இந்த நாலை வைத்தே உபவகையை மதிப்பிட்டு வைத்தியத்தைத் தீர்மானிக்கலாம் என்று சொன்னார்கள். பெரும்பாலும் ஒத்துப்போகும், முழுதாக ஒத்துப்போகாது. உதாரணத்துக்கு ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் இல்லாத கட்டிகளில் அநேகம் பேசல் வகை, ஆனால் எல்லாம் இல்லை.

எதிர்வீட்டு அன்ரிக்கு மூன்றுமே இல்லை. வயது 41. குளிசை போய்ப் பிடிக்கிறதற்கு ஹோர்மோன் வாங்கி இல்லை, ஹெர்2வுக்கென்று இருக்கிற மருந்துக்கும் அங்கே வேலையில்லை, வேகமாகப் பெருகுகிற கலங்களைத் தாக்கும் கீமோதான் அங்கே பிடிக்கும், அது அவருக்குத் தேவை. சித்திக்கு 58. ஈஆர் 8/8 என்றால் கிட்டத்தட்ட எல்லாக் கலமும் ஈஸ்ரஜனை எதிர்பார்த்து இருக்கிறது, ஈஸ்ரஜன் உண்டாவதைக் குறைக்கும் குளிசைதான் அதற்குச் சரியான அடி. ஆறுதலாகப் பெருகும் கட்டியில் கீமோ செய்யக்கூடியது குறைவு, தலைமயிரும் வாயும் வயிறும் படுகிற பாடு மட்டும் குறையாது. அவரைக் கைவிட்டதாலோ கவனிக்காததாலோ இல்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் சித்தியின் நாலு வரியில் இரண்டு வரி மதில்மேல் பூனை.

ஹெர்2 2+ என்பது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. 0, 1+ என்றால் இல்லை, 3+ என்றால் இருக்கிறது, 2+ வந்தால் கலத்துக்குள்ளே போய் அந்த ஜீன் எத்தனை பிரதி இருக்கிறது என்று ஒளிரும் புள்ளிகளாக எண்ணவேண்டும், அந்தப் பரிசோதனைக்குப் பெயர் ஃபிஷ். அதற்காக மெழுகுக் கட்டியைக் கொழும்பில் ஒரு லேபுக்கு அனுப்பினோம், பெயர் சொல்லவில்லை, மூன்று கிழமை என்றவர்கள் ஏழு கிழமையாக்கினார்கள், இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தபோது அப்படி ஒரு மாதிரி வரவேயில்லை என்றார்கள். அந்த நாட்களில் சித்தி சோறு குறைத்தார். கடைசியில் வந்தது: விகிதம் 1.3. இரண்டும் அதற்கு மேலும் என்றால்தான் பெருகியிருக்கிறது என்று கணக்கு. ஆகவே இல்லை.

மற்றது கேஐ-67. பெருகிக்கொண்டிருக்கும் கலங்கள் நூற்றுக்கு எத்தனை என்று நுணுக்குக்காட்டியில் எண்ணுவது. 2011இல் அந்தச் சென் காலன் கூட்டத்தில் லூமினல் ஏக்கும் பிக்கும் நடுவில் 14 வீதத்தில் கோடு போட்டார்கள், 2013இல் அதே கூட்டத்தில் அநேகர் 20 வீதம் என்றார்கள். சித்திக்கு 18. ஒரு கோட்டின்படி பி, மற்றக் கோட்டின்படி ஏ. அதோடு, இது ஒரு மனிதர் கண்ணால் எண்ணுவது, எந்த இடத்தில் எண்ணினார் என்பதைப் பொறுத்து 18 பதினைந்தாகவும் வரலாம், இருபத்திரண்டாகவும் வரலாம்.

இந்த இடத்தில்தான் ஜீன்களை நேரே எண்ணுவது கைகொடுக்கும். 2002இல் நெதர்லாந்தில் நோய் எப்படிப் போகும் என்று காட்டுகிற 70 ஜீன்களின் பட்டியல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள் (இப்படிப்பட்ட பட்டியலை ஜீன் கையெழுத்து என்பார்கள்), அது மம்மாபிறின்ற் ஆகி 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2004இல் 21 ஜீன் பரிசோதனை வந்தது, ஒன்கோரைப் டிஎக்ஸ். அதில் 16 புற்றோடு சம்பந்தப்பட்டவை, 5 ஒப்பிடுவதற்கு. மெழுகுக் கட்டியிலிருந்தே செய்யலாம், 0 முதல் 100 வரை ஒரு புள்ளி தரும், புள்ளி கூடினால் நோய் திரும்பும் ஆபத்தும் கூட. பிறகு 2009இல் பாம்50, ஐம்பது ஜீனை வைத்து உபவகையைச் சொல்வது.

அந்த 21 ஜீன் புள்ளியைத்தான் ரெய்லர்எக்ஸ் என்கிற பெரிய ஆய்வு சோதித்தது. சித்தியைப் போலவே ஹோர்மோன் வாங்கி உள்ள, ஹெர்2 இல்லாத, நிணநீர்க் கணுவுக்குப் போகாத கட்டி உள்ள 10,273 பெண்கள். புள்ளி 11க்கும் 25க்கும் இடையில் வந்த 6,711 பேரைச் சீட்டுக் குலுக்கியது மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குக் குளிசை மட்டும், மறுபக்கத்துக்குக் குளிசையும் கீமோவும் கொடுத்தார்கள். 2018இல் முடிவு வந்தது. ஒன்பது வருடத்தில் நோய் வராமல் இருந்தவர்கள் குளிசை மட்டும் எடுத்ததில் 83.3 வீதம், கீமோவும் எடுத்ததில் 84.3 வீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். 50 வயதும் அதற்குக் குறைவுமானவர்களில், 16க்கும் 25க்கும் இடையில் வந்தவர்களுக்கு மட்டும் கீமோவால் கொஞ்சம் பயன் தெரிந்தது. இந்தப் பந்தியைச் சித்திக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். மூன்றாவது தரம்தான் "அப்ப அந்த ஆறாயிரத்துச் சொச்சம் பேரும் எனக்காகத்தான் ஊசி ஏத்திப் பாத்தவை" என்றார்.

சரி, சித்திக்கு அந்தப் பரிசோதனையைச் செய்தோமா? இல்லை. மாதிரி கலிபோர்னியாவுக்குப் போகவேண்டும், செலவு ஆயிரக்கணக்கான டொலர். மாமா காணியை விற்கலாம் என்றார், உண்மையாகத்தான் சொன்னார். டொக்டர் கட்டியின் அளவு, தரம், கணு, வயது எல்லாவற்றையும் வைத்துத் தன் முடிவு மாறாது என்று சொன்னபிறகு விட்டுவிட்டோம். அது சரியான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கேஐ-67 பதினெட்டு, வயது 45, கணுவில் ஒன்று பிடித்திருக்கிறது என்கிற ஒருத்தி இதே ஊரில் இருந்தால் அவருக்கு அந்தப் புள்ளி வேண்டும், அதைக் காசு தீர்மானிப்பது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு விசயம் என்னைப் பல நாள் குழப்பியது. 70 ஜீன் பட்டியலையும் 21 ஜீன் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் இருப்பது ஒரே ஒரு ஜீன், ஸ்கியூப்2. அப்படியென்றால் ஒன்று பிழையாகத்தானே இருக்கவேண்டும்? 2006இல் ஒரு குழு 295 பேரின் மாதிரியில் ஐந்து வேறு வேறு முறைகளைப் போட்டுப் பார்த்தது, நாலு முறைகள் நல்ல அளவுக்கு ஒரே ஆட்களையே ஆபத்தானவர்கள் என்று சொன்னன. கூழ்தான் திரும்பவும். ஒருத்தர் ஒடியல் மாவையும் நண்டையும் தேடுகிறார், மற்றவர் பலாக்கொட்டையையும் பயிற்றங்காயையும் தேடுகிறார், பட்டியல் ஒட்டாது, வீடு ஒன்றுதான்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, தரவு வேலை செய்கிற ஆட்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். 2011இல் டேவிட் வெனேயும் கூட்டாளிகளும், அதுவரை வெளிவந்த 47 ஜீன் கையெழுத்துகளை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய அதே எண்ணிக்கை ஜீன்களோடு ஒப்பிட்டார்கள். 28 கையெழுத்துகள் குருட்டுத்தனமாகப் பொறுக்கியதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு நன்றாக இல்லை. காரணம், பெருகும் வேகம் மார்பகக் கட்டியில் அவ்வளவு ஜீன்களை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, எதைப் பொறுக்கினாலும் அதன் நிழல் விழும். நோயோடு சம்பந்தம் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு பட்டியலை நம்பக்கூடாது.

இனி என் பிழை. மெற்றாபிறிக் என்று ஒரு தரவுத்தொகுதி இருக்கிறது, பிரித்தானியாவிலும் கனடாவிலும் எடுத்த ஏறத்தாழ 2,000 கட்டிகள், 2012இல் வெளியானது. யாரும் இறக்கலாம். ஆர் என்கிற கணினி மொழியில் பாம்50 செய்கிற பொதி இருக்கிறது, என் லப்டொப்பிலேயே ஓடும். எனக்குச் சித்தியைப் போன்றவர்கள் எப்படிப் பிரிகிறார்கள் என்று பார்க்கத்தான் ஆசை, ஆகவே ஈஆர் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஜீனிலும் நடு அளவைக் கழித்தேன், அப்படித்தான் செய்யவேண்டும் என்று படித்திருந்தேன். ஓடவிட்டேன். பார்த்தால் பேசல் என்று ஒரு கூட்டமே வந்து நிற்கிறது, ஈஆர் நன்றாக உள்ள கட்டிகள். பயந்துபோனேன். சித்தியும் அந்தக் கூட்டத்தில் இருந்தால்? இரண்டு இரவு நித்திரை இல்லை.

மூன்றாவது நாள் காலை பஸ்ஸில் போகும்போதுதான் பிடிபட்டது. பாம்50 ஒரு கட்டியைத் தனியாக நிறுத்திப் பார்ப்பதில்லை. கூட்டத்தின் நடு அளவைவிட இந்த ஜீன் இவருக்குக் கூடவா குறையவா என்று பார்த்து, அந்த ஏற்ற இறக்கம் ஐந்து மாதிரி உருவங்களில் எதோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அந்தப் பெயரை வைக்கிறது. எல்லா வகையும் கலந்த கூட்டமாக இருக்கும்வரை சரி. நான் கூழ் காய்ச்சுகிறவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திவிட்டேன். அந்த வரிசையில் நடு அளவு ஒரு கிலோ ஒடியல் மா என்றால், முக்கால் கிலோ வாங்கியவரைப் பார்த்து "இவரிடம் ஒடியல் மா குறைவு, இவர் கூழ் காய்ச்சப் போவதில்லை" என்று சொன்ன கதைதான் நடந்தது. முழுக் கூட்டத்தையும் வைத்து நடு அளவைக் கணக்கிட்டுவிட்டுத் திரும்ப ஓடவிட்டபோது அந்தக் கூட்டம் அநேகமாகக் கரைந்துபோனது.

இந்தப் பிழை என்னை விட்டுப் போகவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கட்டிக்கு என்ன பெயர் என்பது அதைச் சுற்றி யாரை நிறுத்தினோம் என்பதில் தங்கியிருக்கிறது என்றால், சுற்றி நிற்பவர்கள் யார்? பெரூவின் கட்டிகளில் பெரும்பகுதி நோர்வே. 70 ஜீன் நெதர்லாந்து. மெற்றாபிறிக் பிரித்தானியா, கனடா. 2006இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் நாலைந்து சாயங்களை வைத்துச் செய்த ஆய்வில், மாதவிடாய் நிற்காத கறுப்பினப் பெண்களில் 39 வீதம் பேசல் வகை, கறுப்பினத்தவர் அல்லாதவர்களில் எல்லா வயதும் சேர்த்து 16 வீதம். ஒரே மாநிலத்துக்குள் இவ்வளவு வித்தியாசம் இருந்தால், கோண்டாவில், கரவெட்டி, வேலணைப் பெண்களுக்கு விகிதம் என்ன என்று யாரோ எண்ணித்தான் ஆகவேண்டும். அதற்கு மெஷின் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நாலு சாயத்தின் எண்களை ஒழுங்காகச் சேர்த்துவைத்தாலே பாதி வழி. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் இருக்கிறது, கணினி படித்த பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் வெளியே வருகிறார்கள், நான் உட்பட. இதற்கு ஆட்கள் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது.

அப்புறம் ஒரு சின்ன விசயம், ஆனால் நடைமுறையில் பெரியது. வெட்டி எடுத்த தசை வெளியே கிடக்கக் கிடக்க ஆர்என்ஏ உடையும், ஈஆர் சாயமும் மங்கும், எங்கள் சித்திரை வெயிலில் சொல்லவே தேவையில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் ஃபோர்மலினில் போடவேண்டும், ஃபோர்மலினில் 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்குக் கூடாமலும் இருக்கவேண்டும் என்பது உலக நியமம். தனியாரிடம் சத்திரசிகிச்சை செய்து போத்தலைக் கையில் கொடுத்து, நீங்களே லேபுக்குக் கொண்டுபோங்கோ என்று விடுகிற வழக்கம் இருக்கிறது. அப்படித் தந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நாளைக்குக் கொண்டுபோகலாம் என்று வைக்காதீர்கள். எடுத்த நேரத்தைப் போத்தலில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். மெழுகுக் கட்டி எங்கே இருக்கிறது, அதன் இலக்கம் என்ன என்று ரிப்போட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள், பல வருடம் கழித்தும் அதைத் திரும்ப வெட்டிப் பார்க்கலாம். எங்களுக்கு ஏழு கிழமை போனதில் பாதி இந்த இலக்கம் கையில் இல்லாததால்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அன்ரி தலையில் துணி சுற்றியபடி தன் ரிப்போட்டைக் கொண்டுவந்தார். விறாந்தையில் சித்தியின் தாளையும் அவருடைய தாளையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தோம். எட்டு இருந்த இடத்தில் அங்கே சைபர், ஆறு இருந்த இடத்தில் சைபர், 18 இருந்த இடத்தில் 70. அன்ரி கனநேரம் பேசவில்லை. பிறகு "அப்ப எனக்குத் தாறதும் சரியாத்தான் தருகினம்" என்றார். ஓம் அன்ரி என்றேன். இன்னும் இரண்டு கீமோ இருக்கிறது. வாயெல்லாம் புண், உறைப்பு நாக்கில் வைக்கமுடியாது, கூழ் குடிக்கவேணும் போல கிடக்கு என்றார். சித்தி செத்தல் மிளகாய் இல்லாமல் எப்படிக் காய்ச்சுவது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டார், அடுத்த நாள் காலமை ஒடியலை எடுத்து முற்றத்து வெயிலில் பரப்பியிருந்தார்.